வைக்கோலைத் தின்பது யார்?

இரவு ஒன்பது மணிக்கு மேல் மாட்டுக் கொட்டில் அடங்கிவிடும். கட்டுத்தறியில் படுத்திருக்கும் மாட்டின் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். பகலில் அவசரமாக விழுங்கிய வைக்கோல் ஓர் உருண்டையாகத் தொண்டைக்கு ஏறி வருவதைக் கழுத்தின் இடப்பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அதை ஐம்பது அறுபது முறை அரைத்து விழுங்கும். சில நொடி இடைவெளி. அடுத்த உருண்டை ஏறும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இந்த வேலை நடக்கிறது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று கால்நடை மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் காய்ச்சலையோ இருமலையோ முதலில் சொல்வதில்லை. "நேத்திலிருந்து அசை போடலைங்க" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பது, மாட்டின் வயிற்றுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகே விளங்கும்.

வைக்கோல் மாட்டின் உணவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். சோறும் வைக்கோலும் ஒரே பயிரின் இரு பகுதிகள். சோற்றிலுள்ள மாவுச்சத்தும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த சங்கிலிகள்தான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்தச் சிறு வேறுபாடு போதும். மாவுச்சத்தை நம் எச்சிலே உடைக்கத் தொடங்கிவிடுகிறது. செல்லுலோஸை உடைக்கும் நொதியோ மனிதன், மாடு, யானை, முயல் யாருடைய உடம்பிலும் சுரப்பதில்லை. தன் உடம்பை மட்டும் நம்பியிருந்தால், வைக்கோற்போருக்கு நடுவே நின்றபடியே மாடு பட்டினியால் செத்துவிடும்.

வயலில் நிற்கும் உளுந்துச் செடிக்கும் இதே நிலைதான். அதைச் சூழ்ந்திருக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். புரதம் செய்ய அதற்கு வேண்டியதும் நைட்ரஜன்தான். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடங்குப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி எந்தத் தாவரத்திடமும் இல்லை.

தாவரங்கள் தற்சார்பு ஊட்டம் கொண்டவை, விலங்குகள் பிறசார்பு ஊட்டம் கொண்டவை என்று பள்ளியில் படித்தோம். கார்பனை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிவு சரி. நைட்ரஜனையும் நார்ப்பொருளையும் வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. செடிக்கும் மாட்டுக்கும் நடுவே மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. உணவைச் செரித்துக் கொடுக்கும் கடினமான வேலையை இரண்டு பக்கமும் அதுதான் செய்கிறது.

செடி எதைத் தின்கிறது என்ற கேள்வி பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், செடிக்கு வயிறு கிடையாது, மண்ணே அதன் வயிறு என்று கருதினார். மண் செரித்து வைத்ததை வேர் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர் எண்ணம். இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் இதை எடை போட்டே பார்த்துவிட்டார். 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, மழைநீர் மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டுகளில் மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் அந்தச் சோதனை அச்சில் வந்தது.

முடிவு தவறு. ஆனாலும் கணக்கு நேர்மையானது. மண்ணைத் தின்று மரம் வளரவில்லை என்பதை அது நிலைநாட்டிவிட்டது. 1779இல் இங்கன்ஹவுஸ், செடியின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன என்று காட்டினார். செனபியே கரியமில வாயுவையும், 1804இல் டி சொசூர் நீரின் பங்கையும் சேர்த்தார்கள். காற்றில் சுமார் 0.04 விழுக்காடே உள்ள ஒரு வாயுவைப் பிடித்து, நீரோடும் வெளிச்சத்தோடும் சேர்த்துத்தான் தேக்கும் ஆலும் எழுந்து நிற்கின்றன. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ஹெல்மான்ட்டின் கணக்கில் குறைந்த அந்த 2 அவுன்ஸை அற்பமென்று தள்ள முடியாது. செடி மண்ணிலிருந்து எடுக்கும் நைட்ரஜன் போன்ற சத்துகள் அதில்தான் அடங்கும். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் பெயர் ருபிஸ்கோ. மிக மந்தமான நொதி; நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் அதனால் கையாள முடியும். அதனால் செடி அதை ஏராளமாகச் செய்து வைக்கிறது. நெல்லின் இலையிலுள்ள மொத்த நைட்ரஜனில் கால் பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு நொதியில் முடங்கிக் கிடக்கிறது. காற்றைத் தின்னவே நைட்ரஜன் வேண்டும். தழைச்சத்து குறைந்த பயிர் வெளுப்பதும், யூரியா போட்ட சில நாளில் கரும்பச்சையாக மாறுவதும் பச்சையத்துக்கும் நைட்ரஜன் வேண்டும் என்பதால்தான்.

அந்த நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்க மனிதன் கண்டுபிடித்த வழி ஹேபர்–பாஷ் முறை. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்கைத் தாண்டிய அழுத்தமும் இல்லாமல் அந்த மும்மடங்குப் பிணைப்பு அறுவதில்லை. அதே வேலையை உளுந்துச் செடியின் வேரில், நாம் செருப்பில்லாமல் நடக்கும் மண்ணின் சூட்டில், பாக்டீரியா செய்துவிடுகிறது.

இதைக் கண்டறிந்தவர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும். சத்தில்லாத மணலில் ஓட்ஸையும் பட்டாணியையும் வளர்த்தார்கள். மணலைச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் வாடின. நல்ல வயல்மண்ணைக் கரைத்த நீரில் கொஞ்சம் ஊற்றியதும் பட்டாணி வேரில் முடிச்சுகள் வந்தன, செடி செழித்தது. ஓட்ஸ் அப்படியே நின்றது. 1886இல் அவர்கள் இதை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஹாலந்தின் பெயரிங்க் அந்த முடிச்சுக்குள்ளிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

முப்பது நாற்பது நாளான உளுந்துச் செடியையோ நிலக்கடலையையோ வேர் அறாமல் பிடுங்கி, மண்ணை அலசிவிட்டு, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்கும். அது நம் இரத்தத்தின் சிவப்புக்கு நெருங்கிய உறவு. லெக்ஹீமோகுளோபின் என்ற அந்த நிறமி, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போலவே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அதற்குக் காரணம் இருக்கிறது. நைட்ரஜனைப் பிளக்கும் நைட்ரஜினேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், அளந்து அளந்து ஆக்சிஜன் கொடுக்கும் வேலையை அந்தச் சிவப்பு நிறமி செய்கிறது. கிள்ளிய முடிச்சு உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இந்த உறவு இலவசம் அல்ல. ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் செடி ஐந்தாறு கிராம் கார்பனைச் செலவிடுகிறது. இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்கி, கரிம அமிலமாக மாறி பாக்டீரியாவுக்குப் போகிறது. உள்ளே வந்த பாக்டீரியா சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால்? 2003இல் வெளியான ஒரு சோதனையில் சோயா வேரின் முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா விரும்பினாலும் வேலை செய்ய முடியாத நிலை. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. அவற்றிலிருந்த பாக்டீரியாவின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கொடுப்பவருக்குக் கொடு என்ற கணக்கை வேர் வைத்திருக்கிறது. மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் மிகுந்திருந்தால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும். உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் ஈரப்பதம் பார்த்து உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறார்கள். விதைக்கும் முன் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையோடு பிசறி நிழலில் உலர்த்துவது வேளாண் அலுவலர்கள் சொல்லித்தரும் முறை. பாக்டீரியா விதையில் ஒட்டிக்கொள்ளக் கஞ்சியின் பசை உதவுகிறது. வேர் வெளிவிடும் ஃபிளேவனாய்டு என்ற பொருளை அடையாளம் கண்டு பாக்டீரியா நெருங்கும். பதிலுக்கு ஒரு சமிக்ஞை மூலக்கூறை அனுப்பும். வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியா பொருந்தாது. சோயாவுக்குரியதை நிலக்கடலையில் பூசிப் பயன் எதிர்பார்க்க முடியாது.

இனி மாட்டின் வயிற்றுக்கு வருவோம். அதில் நான்கு அறைகள். முதல் அறைதான் பெருவயிறு; வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அடுத்தது தேனடை போன்ற உள்வரி கொண்டது. மூன்றாவது புத்தகத் தாள்கள் போல மடிப்புகள் அடுக்கியது. நான்காவதுதான் நம் இரைப்பையைப் போல அமிலமும் நொதியும் சுரக்கும் உண்மையான வயிறு. பெருவயிற்றில் எந்தச் செரிமான நொதியும் சுரப்பதில்லை. அது 39 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமல், இருட்டில் நுரைத்துக்கொண்டிருக்கும் ஒரு புளிக்கும் தொட்டி. அதன் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள். அவற்றோடு ஒருசெல் உயிரிகள், மீத்தேன் செய்யும் ஆர்க்கியாக்கள், பூஞ்சைகள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பூஞ்சை இருக்க முடியும் என்பதையே 1975இல் ஆட்டின் பெருவயிற்றை ஆராய்ந்த ஆர்ப்பின் சொல்லித்தான் உலகம் நம்பியது.

வேர் முடிச்சைப் போலவே பெருவயிறும் ஆக்சிஜனை வெளியே நிறுத்திக் கட்டிய அறை. அங்கேயும் குடியிருப்பவருக்கு இடம், சூடு, உணவு எல்லாம் கிடைக்கின்றன. நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்துச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் தாங்களே புளிக்க வைத்துவிடுகின்றன. மாட்டுக்குக் கிடைப்பது எஞ்சும் கொழுப்பு அமிலங்கள்: அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக். முதலாவது நம் வீட்டு வினிகரின் அமிலம். பெருவயிற்றின் சுவரே இவற்றை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புகிறது. பசுவின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வழியில் வருகிறது.

இவ்வளவு அமிலம் ஊறும் தொட்டி எப்படிப் புளித்துக் கெடாமல் இருக்கிறது? எச்சிலால். ஒரு பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது. அதில் சோடாவுப்பின் தன்மையுள்ள பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கின்றன. அசை போடும்போதுதான் எச்சில் பெருகும். அசை நின்றால் எச்சில் குறையும்; எச்சில் குறைந்தால் அமிலம் ஏறும்; அமிலம் ஏறினால் குடியிருப்பவை சாகும். "அசை போடலைங்க" என்பது அதனால்தான் இவ்வளவு கனமான சொல்.

பெருவயிற்றில் கொழுத்த நுண்ணுயிர்கள் உணவுக் கூழோடு நான்காம் வயிற்றுக்குள் வழியும்போது அங்கே செரிக்கப்படுகின்றன. மாட்டுக்கு வேண்டிய புரதத்தின் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. வைக்கோலைத் தின்பவை நுண்ணுயிர்கள். நுண்ணுயிர்களைத் தின்பது மாடு. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி நம் கண்ணீரில் உண்டு. மாடு அதை வயிற்றிலேயே சுரக்கிறது. இலை தின்னும் லங்கூர் குரங்கின் வயிற்றிலும் புளிக்கும் அறை ஒன்று உண்டு. அதன் லைசோசைமிலும் மாட்டினுடையதைப் போன்ற மாற்றங்கள் தனியாகவே தோன்றியிருப்பதை 1987இல் கண்டறிந்தார்கள். நெருங்கிய உறவில்லாத இரண்டு விலங்குகள் ஒரே தேவையால் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பின்லாந்தின் விர்ட்டானன் 1945இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். புரதமே இல்லாத தீவனத்தைப் பசுக்களுக்குக் கொடுத்தார். நைட்ரஜனுக்காக யூரியாவும் அம்மோனிய உப்பும் மட்டும். பசுக்கள் பால் கறந்தன. 1966இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, மாட்டின் உணவில் நுண்ணுயிர்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதற்கு இன்றும் வலுவான சான்று. நம் ஊரில் நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்துக் கொடுக்கும் முறையும் இந்த அறிவில் பிறந்ததுதான். அளவு மீறினால் அதே யூரியா நஞ்சு. கூட்டிப் போட்டால் கூடப் பால் வரும் என்று யாரும் முயன்றுவிடக் கூடாது.

கன்று பிறக்கும்போது பெருவயிறு வெறும் சுருங்கிய பை. பால் குடிக்கையில் தொண்டையின் கீழ் ஒரு மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். தாய் நக்குவதாலும், தாயின் எச்சில் பட்ட புல்லை மெல்வதாலும், கொட்டில் தரையிலிருந்தும் நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றாகக் குடியேறுகின்றன. தாய் கன்றுக்குத் தரும் சீதனத்தில் பாலுக்கு அடுத்த இடம் இதற்குத் தரலாம்.

எந்த நுண்ணுயிர் குடியேறியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே தழை உணவாகவும் ஆகும், நஞ்சாகவும் ஆகும். சவுண்டல் என்று நாம் வேலியோரம் வளர்க்கும் சூபாபுல்லின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் மேய்ந்த மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, தைராய்டு சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவில் அதே தழையைத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் காரணத்தை ஆட்டின் மரபில் தேடாமல் பெருவயிற்றில் தேடினார். ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றிலிருந்த நுண்ணுயிர்களை 1980களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள கால்நடைகளுக்குச் செலுத்தினார்கள். நஞ்சு முறிந்தது. அந்த பாக்டீரியாவுக்குப் பின்னர் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரே வைக்கப்பட்டது.

எல்லா விலங்கும் இதே ஏற்பாட்டில் இல்லை. யானையும் குதிரையும் பின்குடலில் புளிக்க வைக்கின்றன. பாதிக்கு மேல் செரிக்காமலே போவதால்தான் யானை லத்தியில் நார் அப்படியே தெரிகிறது. நம் புற்றுக் கறையான் வயிற்றுக்கு வெளியே, புற்றுக்குள் தோட்டம் போட்டுப் பூஞ்சை வளர்த்து, அது பதப்படுத்திய மரத்தூளை உண்கிறது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் பூ.

செடியின் முடிச்சையும் மாட்டின் வயிற்றையும் ஒரே இழையில் கோக்கும் தனிமம் ஒன்று உண்டு: கோபால்ட். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சில பகுதிகளில் புல் செழித்து நிற்க, ஆடுகள் மெலிந்து இரத்தம் வற்றிச் செத்தன. இரும்புக் குறை என்று நினைத்து இரும்புத் தாது கொடுத்தார்கள். சில தாது பலித்தது, சில பலிக்கவில்லை. பலித்த தாதுவில் கலந்திருந்த கோபால்ட்தான் மருந்து என்பது 1935இல் தெளிவானது. கோபால்ட்டை ஊசியில் செலுத்தினால் பயனில்லை, வாயில் கொடுத்தால் ஆடு பிழைத்தது. விடை 1948க்குப் பிறகு கிடைத்தது. அந்த ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12இன் நடுவே இருப்பது கோபால்ட் அணு. பி12ஐச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் மட்டுமே. தாவரமும் விலங்கும் செய்வதில்லை. பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் போய்ச் சேர்ந்தால்தான் ஆட்டுக்குப் பி12. வேர் முடிச்சின் பாக்டீரியாவுக்கும் அதே பி12 வேண்டும், அதற்காகக் கோபால்ட்டும் வேண்டும். மீன், முட்டை, இறைச்சி தொடாத ஒரு வீட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் பி12 பெரும்பாலும் பால், தயிர், மோரிலிருந்து வருகிறது. அது பசு செய்தது அல்ல, அதன் பெருவயிற்று நுண்ணுயிர்கள் செய்தது.

இந்த நுண்ணுயிர்களை நாம் அன்பினாலேயே கொன்றுவிட முடியும். மாட்டுப் பொங்கலன்று வாசலுக்கு வரும் மாட்டுக்கு வீட்டுக்கு வீடு பொங்கலும் சோறும் ஊட்டுகிறோம். மாவுச்சத்து வைக்கோலைப் போல மெதுவாகப் புளிப்பதில்லை. லாக்டிக் அமிலம் செய்யும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். 6க்கும் 7க்கும் இடையே இருந்த பெருவயிற்றின் கார அமில அளவு 5க்கும் கீழே விழும். நாரைச் செரிப்பவை அழியும், பெருவயிறு அசைவற்று நிற்கும், இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். ஓரிரு நாளில் மாடு சாகக்கூடும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டும்போதும் இதுவே நடக்கிறது.

பொங்கலன்று மாட்டுக்கு ஒரு கைப்பிடிப் பொங்கல் போதும். அதற்கு மேல் கொடுக்க மனம் இருந்தால் ஒரு கட்டு பசும்புல்லோ அகத்திக் கீரையோ வாங்கிப் போடுங்கள். மாடு அதிகமாகச் சோறு தின்றுவிட்டு, இரவில் அசை போடாமல் இடப்பக்க வயிறு உப்பிப் படுத்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரமே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.